காத்திருப்பும் கருவியும் மருந்தும்: வெளிப்படாக் கருச்சிதைவுச் சிகிச்சையில் தெரிவுரிமையின் வரலாறு

1

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைச் செய்தவர் யார், மருந்தைப் பிரித்தெடுத்தவர் யார், முதற் சத்திரசிகிச்சையை நடத்தியவர் யார் என்னும் வினாக்களே அதன் அத்தியாயங்களை வகுத்துள்ளன. அக்கருவி எவருடைய உடலிற் செலுத்தப்பட்டதோ அவர் அதனை விரும்பினாரா, மறுத்தாரா, அவருக்கு வேறு வழியேதும் காட்டப்பட்டதா என்பன பற்றி அவ்வரலாறு மௌனமே சாதித்து வந்துள்ளது. பெண்ணின் உடலோடு தொடர்புடைய மருத்துவத்தில் இம்மௌனம் மேலும் அடர்ந்தது.

இக்கட்டுரை நுணுகி நோக்கும் விடயம் ஒன்றே. கர்ப்பத்தின் முதல் மாதங்களிற் கரு இறந்துவிடுகின்றது; ஆனால் அது வெளிப்படுவதில்லை. குருதிப்போக்கோ வலியோ இல்லாதிருக்கலாம். மசக்கை முதலான கர்ப்பக் குறிகள்கூடச் சில நாட்கள் தொடரலாம். கழியொலிப் பரிசோதனையின்போதே, அதாவது வழக்கிலுள்ள 'ஸ்கான்' எடுக்கும்போதே, பெண் இதனை முதன்முதலாக அறிகின்றாள். அவள்முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. உடல் தானாகவே வெளியேற்றும்வரை காத்திருத்தல் ஒன்று. மருந்தினால் வெளியேற்றுதல் இரண்டு. சத்திரசிகிச்சைமூலம் அகற்றுதல் மூன்று. இம்மூன்றும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு உற்பத்திச் சூழலிலும் சமூக உறவுகளிலும் பிறந்தது. இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்குரியது என்னும் கருத்து இவையனைத்திலும் பிந்தியது. அக்கருத்து எவ்வாறு உருவாயிற்று, அது எவருக்கு நடைமுறையில் உரிமையாகின்றது, எவருக்கு வெறும் சொல்லாக எஞ்சுகின்றது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

2

முதலிற் பெயரை நோக்குவோம். பெயரிடுதல் ஒருபோதும் நடுநிலையான செயல் அன்று.

ஆங்கில மருத்துவ வழக்கில் இந்நிலைக்குரிய பெயரை 1878இல் வழங்கியவர் ஸ்கொத்திய மருத்துவரான ஜேம்ஸ் மத்தியூஸ் டங்கன். எடின்பரோவில் சிம்சனோடு சேர்ந்து 1847இல் குளோரபோமின் மயக்கத்தன்மையைத் தம் உடலிலேயே சோதித்தவர்களுள் இவரும் ஒருவர். அவர் இட்ட பெயரின் பொருள், நிகழவேண்டிய கருச்சிதைவைக் கருப்பை தவறவிட்டுவிட்டது என்பதாகும். கருப்பை தன் கடமையிலிருந்து வழுவிற்று என்னும் தொனி அதில் உண்டு. அக்காலத்து ஆலை முதலாளி தொழிலாளியின் தவறுகளைக் கணக்கிட்ட மொழிக்கும் இம்மொழிக்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது.

அம்மொழியிலே நெடுங்காலம் தானாக நிகழும் இழப்பையும் வேண்டிச் செய்யும் கலைப்பையும் மருத்துவர் ஒரே சொல்லாற் குறித்தனர். இழப்பினாற் துயருற்ற பெண், தன் மருத்துவமனை ஏட்டிலே தானே கருவைக் கலைத்தவள் போலப் பதிவாயிருப்பதைக் கண்டாள். 1985இல் றிச்சட் பேட் என்னும் மகப்பேற்று மருத்துவரும் சக ஆய்வாளரும் 'லான்செட்' ஏட்டில் இதனைச் சுட்டிக்காட்டி, தானாக நிகழும் இழப்புக்கு வேறு சொல்லே வழங்கப்படவேண்டும் என வற்புறுத்தினர். அதன்பின் பிரித்தானிய மருத்துவ எழுத்தில் மாற்றம் படிப்படியாக ஏற்பட்டது.

தமிழில் நிலைமை யாது? யாழ்ப்பாணத்தில் 1847இலிருந்து பணியாற்றிய அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். மகப்பேற்று மருத்துவம் உட்படப் பல நூல்களைத் தமிழாக்கினார். அம்மரபு தொடர்ந்து வளர்ந்திருப்பின் இத்துறைக்குரிய கலைச்சொற்கள் இன்று முதிர்ந்திருக்கும். அது நிகழவில்லை. 'கருச்சிதைவு', 'கருக்கலைப்பு' என்னும் இரு சொற்களும் எழுத்தில் அடிக்கடி ஒன்றுக்கொன்று மாறி வழங்குகின்றன. பேச்சிலோ 'தங்கவில்லை', 'கலைந்துபோயிற்று', 'அழிந்துபோயிற்று' என்பன வழங்குகின்றன. இவற்றுள் 'தங்கவில்லை' என்பது எவரையும் குற்றஞ்சாட்டாத சொல் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆனால் இறந்த கரு உள்ளேயே தங்கிவிட்ட நிலையை அச்சொல்லாலும் குறிக்கவியலாது. ஆதலின் இக்கட்டுரையில் 'வெளிப்படாக் கருச்சிதைவு' என்னும் தொடர் கையாளப்படுகின்றது. அது நிகழ்ந்ததை மட்டுமே கூறுகின்றது. தவறு எவர்மீதும் சுமத்தவில்லை.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை, கருப்பையுள் எஞ்சியவற்றைப் பொறுத்தவரை, காத்திருப்பதும் ஆபத்து, தலையிடுவதும் ஆபத்து. இலக்கிய வரலாறு அறிந்த ஒரு தாயும் மகளும் இவ்விரு ஆபத்துகளுக்கும் சான்றாக நிற்கின்றனர்.

பெண்ணுரிமைச் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவரான மேரி வொல்ஸ்டன்கிறாப்ற் 1797 ஓகஸ்ட் 30ஆந் திகதி இலண்டனில் ஒரு பெண்மகவை ஈன்றார். நஞ்சுக்கொடி வெளிவரவில்லை. அழைக்கப்பட்ட மருத்துவர் அதனைக் கையினாலே துண்டுதுண்டாக அகற்றினார். கிருமிகள் பற்றிய அறிவு இல்லாத காலம் அது. செப்டெம்பர் 10ஆந் திகதி வொல்ஸ்டன்கிறாப்ற் பிரசவக் காய்ச்சலால் இறந்தார். அன்று பிறந்த மகளே 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லி. அவருக்கு 1822 யூன் 16ஆந் திகதி, இத்தாலியின் லெரிச்சி அருகே, கரு சிதைந்து கடுங் குருதிப்பெருக்கு ஏற்பட்டது. மருத்துவர் வந்துசேரத் தாமதமாயிற்று. கணவரான கவிஞர் ஷெல்லி அவரைப் பனிக்கட்டியிலே அமர்த்திக் குருதியைத் தணித்ததனாலேயே அவர் உயிர்தப்பினார். தாயைக் கொன்றது மருத்துவரின் கை. மகளை மரணத்தின் விளிம்பில் நிறுத்தியது மருத்துவர் இன்மை. இவை வெளிப்படாக் கருச்சிதைவுகள் அல்ல. எனினும் 'தெரிவு' என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒரு காலத்தின் பௌதிக நிலைமையை இவை தெளிவுறக் காட்டுகின்றன. கல்வியும் புகழும் வாய்ந்த பெண்களின் நிலையே இதுவெனின், பெயர் எஞ்சாத உழைக்கும் பெண்களின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

4

சுரண்டி எடுக்கும் கருவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவத்திற் புகுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் றெக்காமியே. அக்கருவி பரவலான வழக்காவதற்கு மயக்கமருந்தும், 1867இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநீக்க முறையும் தேவைப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் கருப்பைக் கழுத்தை விரித்துச் சுரண்டும் இம்முறை, நம்மவர் 'டி. அன்ட் சி.' எனச் சுருக்கிக் கூறுவது, மருத்துவமனைகளின் அன்றாடப் பணியாயிற்று.

இதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. கருக்கலைப்பைச் சட்டம் தடைசெய்த நாடுகளில் மறைவிலே கலைத்துக்கொண்ட பெண்கள் கிருமித்தொற்றுடனும் குருதிப்போக்குடனும் மருத்துவமனைகளுக்கு வந்தனர். நுண்ணுயிர்க்கொல்லிகள் பரவலாகாத அக்காலத்தில், எஞ்சியதை உடனே அகற்றுதலே அவர்களது உயிரைக் காத்தது. அவசரத்தில் உருவான அவ்விதி, காலப்போக்கில் அவசரமற்ற நிலைமைகளுக்கும் பொதுவிதியாயிற்று. பெனிசிலின் வந்தபின்னரும் விதி மாறவில்லை. நிறுவனமயப்பட்ட வழக்கம் தன்னைத் தோற்றுவித்த காரணத்தைவிட நீண்டகாலம் வாழும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். சுரண்டுதலின் விலையும் படிப்படியாகத் தெரியவந்தது: கருப்பையின் உட்சுவர்கள் தழும்புற்று ஒட்டிக்கொள்ளும் நிலையை 1948இல் அஷர்மன் என்னும் மருத்துவர் விரிவாக விவரித்தார்.

வெளிப்படாக் கருச்சிதைவில் வழமை இதற்கு மாறாக இருந்தது. கரு இறந்துவிட்டதா என்பதை உறுதியாக அறிய வழியில்லாமையால், மருத்துவர் வாரக்கணக்கிற் காத்திருக்கவே விரும்பினர். அதுவும் பெண்ணின் தெரிவு அன்று. அறியாமை விதித்த காத்திருப்பு. இறந்த கரு நெடுநாள், குறிப்பாகக் கர்ப்பத்தின் பிற்பகுதியில், உள்ளே தங்கின் குருதி உறையுந் தன்மை குன்றக்கூடும் என்பது 1950ஐ அண்டித் தெரியவந்தபோது இக்காத்திருப்பும் ஐயத்துக்குரியதாயிற்று.

சுரண்டுதலுக்கு மாற்றான உறிஞ்சும் முறை பற்றி இங்கு குறிப்பிடுதல் அவசியம். இதன் தற்கால வடிவத்தை 1958இல் விவரித்து வெளியிட்டவர்கள் மக்கள் சீனத்தின் மருத்துவர்களான வூ யுவான்தை, வூ சியன்ஜென் ஆகியோர். அது சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பரவி, 1967இல் டொறோதியா கேர்ஸ்லேக் என்பவரின் எழுத்தினூடாகப் பிரித்தானியாவை அடைந்தது. அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கே பாய்கின்றது என்னும் குடியேற்றவாத வாய்பாடு இங்கு தலைகீழாகின்றது. பின்னர் வந்த கையால் இயக்கும் உறிஞ்சுகுழலுக்கு மின்சாரமோ முழு மயக்கமோ வேண்டியதில்லை. கூரிய சுரண்டுகருவி கைவிடப்பட்டு இம்முறை வழங்கப்படவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

5

தெரிவு என்பதற்கு முதல் நிபந்தனை அறிதல். அந்த அறிதல் கப்பற் கட்டுந் தொழிலும் கொதிகலன் தொழிலும் செழித்த கிளாஸ்கோவிலே பிறந்தது தற்செயல் அன்று.

உலோகத்துள் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கழியொலியாற் கண்டறியும் கருவியைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தி வந்தன. இரண்டாம் உலகப்போரில் விமானப்படையிற் பணிபுரிந்து ராடரை அறிந்திருந்த பேராசிரியர் இயன் டொனால்ட், 1955இல் றென்புறூவிலிருந்த பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்கு, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரிலே கொண்டுசென்றார். கொதிகலன் சோதிக்கும் கருவி கட்டிகளின் உட்தன்மையை வேறுபடுத்திக் காட்டிற்று. பொறியியலாளர் ரொம் பிறவுண், மருத்துவர் மக்விக்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தது. 1972இல் அதே நகரில் ஹியூ றொபின்சன் ஆரம்பக் கர்ப்பத்திற் கருவின் இதயத்துடிப்பைக் கழியொலியாற் பதிவுசெய்தார். மறு ஆண்டு கருவின் நீளத்தை அளந்து வயதறியும் முறையையும் வகுத்தார். தொழிலாளரின் கைகளோடு வளர்ந்த ஓர் உற்பத்திக் கருவி இவ்வாறு பெண்ணின் உடலுக்குள் ஒரு புதிய காட்சியைத் திறந்தது. அதன் தந்தையெனப்படும் டொனால்ட் 1967ஆம் ஆண்டுப் பிரித்தானியக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதும் குறிப்பிடற்பாலது. கருவியின் சமூகப் பயனை அதனைச் செய்தவரின் கருத்து முற்றாக நிர்ணயிப்பதில்லை.

கழியொலி இந்நிலையைக் கண்டுபிடித்தது மாத்திரமன்று. ஒரு வகையில் உருவாக்கவுஞ் செய்தது. முன்னர் வாரங்கழித்துத் தானே வெளிப்பட்டு முடிந்திருக்கக்கூடிய இழப்பு, இப்போது வெளிப்படுமுன்னரே அறியப்படுகின்றது. அறிவதற்கும் நிகழ்வதற்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றிற்று. அவ்விடைவெளியிலேயே பெண் தீர்மானிக்கவேண்டியவளாகின்றாள். அங்கே பிழைகளும் நேர்ந்தன. முன்னைய அளவுகோல்கள் உயிருள்ள கருவையும் இறந்ததாகக் கணிக்க இடந்தருவன என 2011இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதன்பின், கருவின் நீளம் 7 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பில்லாதபோது, அல்லது கருப்பையுறையின் சராசரி விட்டம் 25 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தும் கரு காணப்படாதபோது மாத்திரமே இந்நிலை கருதப்படவேண்டும் எனவும், ஐயமிருப்பின் குறைந்தது ஒரு வாரத்தின் பின் மீண்டும் நோக்கவேண்டும் எனவும் பிரித்தானிய விதிகள் இறுக்கப்பட்டன. ஆகவே, உறுதிப்படுத்தலுக்கான கால அவகாசமும் பெண்ணின் உரிமைகளுள் ஒன்றாகக் கணிக்கப்படவேண்டும்.

6

மூன்றாவது வழியான மருந்தின் வரலாறு இருவேறு சமூகச் சக்திகளை நமக்குக் காட்டுகின்றது.

மிபெப்பிறிஸ்ரோன் என்னும் மருந்து 1980இல் பிரான்சின் றூசல்-உக்லாப் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. எற்றியேன்-எமில் போலியோ அதன் முதன்மையான ஆய்வாளரும் பரப்புரையாளரும் ஆவார். 1988இல் அனுமதி கிடைத்த சில வாரங்களிலேயே, எதிர்ப்புக்கு அஞ்சிய நிறுவனம் விநியோகத்தை நிறுத்திற்று. உடனடியாகத் தலையிட்ட சுகாதார அமைச்சர் குளோட் எவன், அம்மருந்து இனி ஒரு கம்பனியின் உடைமை மட்டுமன்று, பெண்களுக்கு அறநெறிப்படி உரியது என்னும் கருத்துப்பட அறிவித்து விநியோகத்தை மீட்டார். தனியுடைமைக்கும் சமூகத் தேவைக்கும் இடையிலான முரண்பாடு இத்துணை வெளிப்படையாக ஒரு மாத்திரையின்மீது வெளிப்பட்ட தருணங்கள் அரியன.

மிசோப்பிறொஸ்ரோல் இரைப்பைப் புண்ணுக்கென அமெரிக்காவின் சேர்ல் நிறுவனம் உருவாக்கிய மாத்திரை. கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது என அதன் பொதி எச்சரித்தது. 1986இல் அது பிரேசிலின் மருந்துக்கடைகளுக்கு வந்தபோது, கருக்கலைப்புத் தடையுள்ள அந்நாட்டின் பெண்கள் அவ்வெச்சரிக்கையை ஒரு தகவலாக வாசித்தனர். அறிவு மருத்துவமனையிலிருந்து வீதிக்கு இறங்காமல், வீதியிலிருந்து மருத்துவமனைக்கு ஏறிற்று. 1991இல் அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் மருத்துவ உலகம் அப்பெண்களின் அநுபவத்தைப் புறக்கணிக்கமுடியவில்லை. மலிவானதும் குளிரூட்டி வேண்டாததுமான இம்மருந்தின் பயன் அதன்பின் முறையாக ஆராயப்பட்டது. 1992இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் மருத்துவர்கள் வெளிப்படாக் கருச்சிதைவுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து வழங்கிய முடிவுகளை வெளியிட்டனர்.

7

1995இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வொன்று, முழுமையுறாத கருச்சிதைவுகளிற் சுரண்டாமற் காத்திருத்தலும் தக்க வழியே எனக் காட்டி, பழைய விதியை அசைத்தது. 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், வெளிப்படாதனவும் முழுமையுறாதனவுமான கருச்சிதைவுகளுற்ற 1,200 பெண்கள் மூன்று வழிகளுக்கும் பகிரப்பட்டனர். மூன்றிலும் கிருமித்தொற்று நூற்றுக்கு 2 முதல் 3 வரை மட்டுமே, வேறுபாடு இல்லை. 2009இல் வெளிவந்த தொடராய்வு, எவ்வழியைப் பின்பற்றினும் ஐந்தாண்டுகளுள் உயிருள்ள மகவை ஈன்றோர் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேர் எனக் காட்டிற்று. இம்முடிவுகள் ஒரு பெரும் அச்சத்தை நீக்கின: பிழையான வழியைத் தெரிந்தால் தாய்மையே கைவிட்டுப்போகும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை.

எந்த வழியும் மற்றையவற்றைவிட முற்றாகச் சிறந்தது அன்று என்றானபோதே, தெரிவைப் பெண்ணிடம் விடுவதற்கு மருத்துவம் இசைந்தது என்பதை நாம் நோக்கவேண்டும். உரிமைக்கான பெண்களின் குரல் அதற்கு முன்னரே இருந்தது. சான்று அக்குரலுக்கு வழிவிட்டது. மருந்து வழியின் பயனும் தொடர்ந்து கூடிற்று. 2018இல் அமெரிக்காவில் 300 பெண்களிடையே நடந்த ஆய்வில், மிசோப்பிறொஸ்ரோல் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேருக்கும், முன்கூட்டி மிபெப்பிறிஸ்ரோனும் பெற்றோரில் நூற்றுக்கு 84 பேருக்கும் முதற் சிகிச்சையிலேயே முழுமையாக வெளியேறிற்று. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வும் அதே திசையில் அமைந்தது. 2023இல் அந்நாட்டு வழிகாட்டி இச்சேர்க்கையை வெளிப்படாக் கருச்சிதைவுக்குப் பரிந்துரைத்தது.

இங்கு இயங்கியலின் ஒரு வடிவத்தைக் காணலாம். முதலில் அறியாமையாற் காத்திருந்தனர். பின்னர் கருவி அக்காத்திருப்பை மறுத்தது. இப்போது காத்திருப்பு மீண்டுள்ளது. ஆனால் மீண்டது பழைய காத்திருப்பு அன்று. நிலையை அறிந்து, ஆபத்துக் குறிகளை உணர்ந்து, வேண்டும்போது மருத்துவமனையை அடையலாம் என்னும் உறுதியோடு மேற்கொள்ளும் காத்திருப்பு அது. அவ்வுறுதியை நீக்கிவிட்டால் அது 1822ஆம் ஆண்டின் காத்திருப்பாகவே தாழ்ந்துவிடும்.

8

மேற்கூறிய 2006ஆம் ஆண்டு ஆய்வின் வேறு சில எண்கள் இதனாலேயே முக்கியமடைகின்றன. காத்திருந்தோரில் நூற்றுக்கு 49 பேரும், மருந்து பெற்றோரில் 18 பேரும், சத்திரசிகிச்சை பெற்றோரில் 8 பேரும் எதிர்பாராதவகையில் மருத்துவமனைக்குத் திரும்ப நேர்ந்தது. அம்புலன்ஸ் அழைத்தால் வரும் நாட்டில் இவ்வெண்கள் ஓர் அசௌகரியத்தைக் குறிக்கின்றன. நள்ளிரவில் வாகனமில்லாத மலைத்தோட்டத்து லயன் அறையில் அவை வேறொன்றைக் குறிக்கின்றன. காத்திருப்பதற்கு வீடு வேண்டும். அவ்வீட்டிற் தண்ணீரும் தனித்த கழிப்பறையும் வேண்டும். குருதி போகும் நாட்களிற் கொழுந்துக்கூடையைத் தூக்காதிருக்கச் சம்பளத்துடனான விடுமுறை வேண்டும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வார ஊதிய விடுமுறையை விதித்தது. நியூசிலாந்து 2021இல் துக்க விடுமுறையாக மூன்று நாட்களை வழங்கியது. இவை மருத்துவ நூல்களில் இடம்பெறா. எனினும் சிகிச்சைத் தெரிவின் உண்மையான உட்கூறுகள் இவையே. செலவுக் கணக்கிற் காத்திருத்தலே மிகக் குறைந்தது என்பதால், அரசும் காப்புறுதியும் அதனைப் பெண்ணின் விருப்பம் என்னும் பெயரால் திணிக்கவுங்கூடும். ஆகவே 'தெரிவு' என்ற சொல் எவரால், எந்நோக்கோடு உச்சரிக்கப்படுகின்றது என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டியவர்களாயுள்ளோம்.

சட்டமும் தெரிவைக் குறுக்குகின்றது. 2012இல் அயர்லாந்தின் கோல்வேயில், தவிர்க்கவியலாத கருச்சிதைவுக்குள்ளான சவிதா ஹலப்பனவர், கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் வேண்டிய தலையீடு மறுக்கப்பட்டு, கிருமித்தொற்றால் இறந்தார். அவர் நிலை வெளிப்படாக் கருச்சிதைவு அன்று. ஆயினும் சட்டம் விதித்த காத்திருப்பு கொலைக்கு ஒப்பானது என்பதை அயர்லாந்து மக்கள் உணர்ந்தனர். 2018இல் அரசியலமைப்பின் தடையை நீக்கினர். இதற்கு மாறாக, ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பின் தடைவிதித்த மாநிலங்களில், இறந்த கருவை வெளியேற்றுவதற்குரிய மருந்தைக்கூட வழங்க மருத்துவரும் மருந்துக்கடைகளும் தயங்கிய நிலை தோன்றிற்று. இரு நிலைமைகளுக்கும் மருந்து ஒன்றே, அச்சமும் ஒன்றாயிற்று.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு குடியேற்ற அரசு இயற்றியது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றி வேண்டுமென்றே கரு சிதையச் செய்தலைக் குற்றமாக்குகின்றது. 1995இல் இதனைத் தளர்த்த முன்வைக்கப்பட்ட யோசனையும் கைவிடப்பட்டது. கரு இறந்தபின் அதனை அகற்றுதல் வேறு, உயிருள்ள கருவைக் கலைத்தல் வேறு. மருத்துவமனைகளில் முன்னையது வழமையான சிகிச்சையே. எனினும் இரண்டிற்கும் பேச்சிற் சொல் ஒன்று, மருந்து ஒன்று, கருவி ஒன்று என்றிருக்கும் சமூகத்தில், இழப்புற்ற பெண்மீது ஐயத்தின் நிழல் விழுகின்றது. பிரித்தானியா தன் சொந்த மண்ணில் 1967இல் தளர்த்திய சட்டத்தின் வாரிசை நாம் இன்னும் பேணிவருவதன் விலையை இப்பெண்களும் செலுத்துகின்றனர்.

9

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று வழிகளுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு வரலாறு விடை கூறவில்லை, கூறவும் இயலாது. விரைவில் முடிந்துவிடவேண்டுமென ஒருத்தி சத்திரசிகிச்சையை நாடலாம். மயக்கமருந்தையும் கருவியையும் அஞ்சி இன்னொருத்தி மருந்தை நாடலாம். தன் உடல் தானே முடிக்கட்டும் என வேறொருத்தி காத்திருக்கலாம். மூவரும் சரியே. வரலாறு காட்டுவது, இம்மூவரும் சரியாயிருப்பதற்கு எவை வேண்டும் என்பதையே: ஐயந்தீர்க்கும் பரிசோதனை, மூன்று வழிகளும் உண்மையிற் கிடைக்கும் அரச மருத்துவமனை, இரவில் ஓடும் வாகனம், கூலி வெட்டப்படாத ஓய்வு, அச்சுறுத்தாத சட்டம், பழிசுமத்தாத மொழி.

இறுதியாகக் கூறிய மொழி தமிழியல் மாணவராகிய நமது பொறுப்பு. மானிப்பாயில் 150 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பணியை மீண்டும் கையேற்று, இம்மூன்று வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளோடு, தோட்டத்திலும் வன்னியிலும் உள்ள பெண்ணொருத்தி வாசித்தறிந்து வினவக்கூடிய தமிழில் எழுதி வழங்குதல் உடனடிக் கடமையாகும். எனினும் நூல் மட்டும் போதாது. அதனை வாசித்தவள் கேட்பதைக் கொடுக்கக்கூடிய மருத்துவமனை அவளது வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். அதனைப் பெறுதல் எழுதுவோரால் மட்டும் முடிவதன்று. அது அமைப்புரீதியான போராட்டத்தின் பாற்பட்டது.